பாதரசம் சிந்தினால் வாரியலைத் தேடாதீர்கள்

ஜூனில் பள்ளி திறந்து லேப் அலமாரியைத் துடைக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும். பாரோமீட்டர் குழாய் கை நழுவும், தரையெங்கும் வெள்ளி மணிகள் ஓடும். புதிதாக வந்த உதவியாளர் வாரியலைத் தேடுவார். பழைய ஆட்களும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தார்கள். கையால் தொடாதே, வாயில் வைக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

வாரியல்

எத்தனை தடவை சொன்னாலும் திருந்தாத தவறு இது. பாதரசம் குப்பை மாதிரிச் சேராது, பெருக்கப் பெருக்க உடையும். ஒரு உருண்டை ஒரே அளவுள்ள 1000 மணிகளாகச் சிதறினால் மொத்தப் பரப்பு 10 மடங்காகிறது. ஆவி கிளம்புவது அந்தப் பரப்பிலிருந்துதான். ஈர்க்குகளுக்கிடையே ஒட்டிய மணிகள் அடுத்த வகுப்பறைக்கும் போய்ச் சேரும்.

கணக்கைப் பாருங்கள். பத்தடி நீள அகல உயரமுள்ள அறையில் காற்று சுமார் 28 கன மீட்டர். வேலையிடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம். அதாவது 0.7 மில்லிகிராம் ஆவியானாலே அறை வரம்பைத் தொட்டுவிடும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் இருப்பதே அரை கிராமிலிருந்து ஒரு கிராம். 6 மி.மீ. உள்விட்டமுள்ள பாரோமீட்டர் குழாயில் 76 செ.மீ. உயரம் நின்றால் சுமார் 290 கிராம்! அதோடு பாளையங்கோட்டை வெயில் வேறு. 20 டிகிரியில் காற்று தாங்கும் ஆவியைப்போல நான்கு மடங்குக்கு மேல் 40 டிகிரியில் தாங்கும்.

நிறமும் மணமும் இல்லாததால் யாரும் விலகி ஓடுவதில்லை. மூச்சில் போகும் ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பில் தங்கி மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. நாள்கணக்கில் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், தூக்கம் கெடும், ஈறு வீங்கும், காரணமில்லாமல் கோபம் வரும்.

"ஃபேனைப் போடுல, காத்து வரட்டும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். போடாதீர்கள், ஆவி கட்டடம் முழுக்கப் பரவும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, உள்கதவைச் சாத்தி, வெளிப்பக்கத்து ஜன்னல்களைத் திறங்கள். கையுறை போடுங்கள். இரண்டு கெட்டி அட்டைகளால் மணிகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தள்ளினால் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் விட்டு மூடுங்கள். பிறகு டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். மேசைக்காலடியில், டைல்ஸ் இடுக்கில் மினுக்கும் பொடிமணிகள் அப்போதுதான் கண்ணில் படும். அவற்றைச் செல்லோடேப்பில் ஒட்டி எடுங்கள். அட்டை, டேப், சிரிஞ்ச் எல்லாம் அதே கழிவுதான்.

கந்தகப் பொடி

பாதரசத்தைக் கட்டிவிடும் என்று இதை முதலிலேயே தூவினால் மணிகள் பொடிக்குள் ஒளிந்துகொள்ளும். அறை வெப்பத்தில் மேல்தோல் மட்டும்தான் வினைபடும், உள்ளே பாதரசம் அப்படியே இருக்கும். அள்ளி முடித்தபின் இடுக்குகளுக்கு மட்டும் தூவுங்கள்.

மோதிரம்

கழற்றாமல் அள்ளினால் தங்கம் வெளுக்கும். அதைவிட மோசம், வெளுத்த மோதிரத்தை நகை ஆசாரியிடம் கொடுத்துத் தீயில் ஊதச் சொல்வது. நிறம் திரும்பிவிடும், பாதரசம் ஆவியாகி அவர் நெஞ்சுக்குள் போகும். என்ன பட்டது என்பதை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

அலுமினியப் பாத்திரம்

பாதரசம் இதை அரித்துவிடும். அள்ளியதை இதில் வைக்காதீர்கள்.

விழுங்கிவிட்டான் என்று பதறுவது

தெர்மாமீட்டர் பாதரசம் குடலில் அநேகமாக உறிஞ்சப்படாது. உடைந்த கண்ணாடிக்காகத்தான் டாக்டரிடம் போக வேண்டும். தரையில் சிந்தியதை மறந்துவிடாதீர்கள்.

வாஷ்பேசின்

இதில் ஊற்றினால், தண்ணீரைப்போல 13.6 மடங்கு அடர்த்தி என்பதால் பாதரசம் வளைகுழாயில் தங்கிக்கொண்டு ஆவி விடும். தப்பியது சாக்கடை வழியே வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போகும். காற்றுப் புகாத குளத்துச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற, உடம்பில் சேர்ந்து தங்கும் நச்சாக மாற்றும். சிறு மீன், பெரிய மீன் என்று படிப்படியாக அதன் செறிவு ஏறும். பாட்டிலில் பெயர் எழுதி வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் யார் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

பால் சுறா

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்துபோடும் வீடுகள் இங்கே நிறைய. சுறா கடலில் வேட்டையாடி வெகுகாலம் வாழும் மீன், மெத்தில் பாதரசம் அதிகம் சேருவது அப்படிப்பட்ட மீனில்தான். அது சதையிலுள்ள புரதத்தோடு பிணைந்திருப்பதால் மஞ்சள் போட்டு அலசினாலும் அவித்துப் பிழிந்தாலும் போகாது. ஜப்பானின் மினமாட்டாவில் மெத்தில் பாதரசம் ஏறிய மீனைத் தின்றவர்களுக்கு 1956-இல் நோய் வெளிப்பட்டபின், அதிக அறிகுறி இல்லாத தாய்மார்களுக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. அங்கே ஆலைக்கழிவு, இங்கே அந்த அளவு இல்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு மெத்தில் பாதரசம் போகும் வழி ஒன்றேதான், தாயின் ரத்தம். மீனையே நிறுத்த வேண்டியதில்லை. சாளை, நெத்திலி, காரல் போதும், காரலையும் பாலுக்குத்தானே சொல்கிறார்கள்? அடுத்த பிள்ளைக்கு நாள் தள்ளியபின் சுறாவை நிறுத்தினால் போதும் என்பதும் தப்புக்கணக்கு. ரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறையவே சுமார் 50 நாள் ஆகும்.