பர்கண்டி சிவப்பு ஒயின் வாங்கும்போது ஊர்ப் பெயருக்கு முன் யார் பெயரைப் பார்ப்பது?

பர்கண்டி என்பது பிரான்ஸின் ஓர் ஒயின் பகுதி; நான் முதன்முதலில் வாங்கிய பர்கண்டி ஒரு ழெவ்ரே-ஷாம்பெர்த்தான். பெரிய ஊர், பெரிய விலை. திறந்தால் வெறும் புளிப்பு, தண்ணீர் கலந்த மாதிரி. யார் செய்தது என்று நான் பார்க்கவே இல்லை. சில வாரங்கள் கழித்து நண்பர் வீட்டில் சிமோன் பீஸ் என்ற தயாரிப்பாளர் செய்த, சாவினி-லே-போன் ஊர் ஒயின் குடித்தேன். விலை குறைவு, ஆனால் வாய்க்குள் செர்ரிப் பழம் அப்படியே நின்றது. அன்றிலிருந்து இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

முதல் படி: லேபிளில் தரத்தைக் கண்டுபிடியுங்கள்

பர்கண்டியில் நான்கு தரங்கள். அடியில் 'பூர்கோன்' என்று பொதுப் பெயர் போட்டவை, அதற்கு மேல் கிராமத் தரம், அப்புறம் சிறந்த தோட்டங்களுக்கான பிரீமியே க்ரூ, உச்சியில் மிகச் சிறந்த தோட்டங்களுக்கான கிராண்ட் க்ரூ. பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் அது கிராமத் தரம். ஊர்ப் பெயருக்குக் கீழே ஒரு தோட்டத்தின் பெயர் இருந்து, 'பிரீமியே க்ரூ' என்ற சொல் இல்லாவிட்டால், அதுவும் பெரும்பாலும் கிராமத் தரமே.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ழெவ்ரே என்ற ஊர் தன்னுடைய மிகப் புகழ்பெற்ற தோட்டமான ஷாம்பெர்த்தானின் பெயரை 1847-இல் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்து ஊர்களும் பின்னாளில் அதையே செய்தன. ஆகவே 'ஷாம்பெர்த்தான்' என்று மட்டும் இருந்தால் கிராண்ட் க்ரூ. 'ழெவ்ரே-ஷாம்பெர்த்தான்' என்று இருந்தால் கிராமத் தரம். ஒரு சிறு கோடுதான், விலையில் பல மடங்கு வித்தியாசம்.

இரண்டாம் படி: செய்தவர் பெயரைப் படியுங்கள்

எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். குளோ த வூஜோ என்று மதில் சூழ்ந்த ஒரு தோட்டம் இருக்கிறது. சுமார் 50 ஹெக்டேர், ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். பிரெஞ்சு வாரிசுச் சட்டப்படி சொத்து பிள்ளைகளுக்குள் பிரிந்து பிரிந்து, ஒருவருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் மிஞ்சியிருக்கும். ஊர்களிலும் இதே கதைதான். அடுத்தடுத்த வரிசை, ஒரே மண், ஒரே வெயில். ஒருவர் குலைகளைக் குறைத்து, பக்குவம் பார்த்துப் பறிப்பார். இன்னொருவர் கொடி தருகிற அத்தனையையும் எடுத்துக்கொள்வார். லேபிளில் ஊர்ப் பெயர் இருவருக்கும் ஒன்றே.

அதனால் லேபிளின் அடிப்பகுதிக்குப் போங்கள். 'மீஸ் ஆன் புத்தேய் ஓ தொமேன்' என்று இருந்தால், திராட்சை வளர்த்தவரே பாட்டிலிலும் அடைத்திருக்கிறார். இல்லாவிட்டால் மோசம் என்று அர்த்தமில்லை. மற்றவர்களிடம் திராட்சை வாங்கிச் செய்யும் நெகோசியான் நிறுவனங்களும் உண்டு. போன் (Beaune) நகரத்தில் 1859-இல் தொடங்கிய லூயி ஜாதோ, 1880-இல் தொடங்கிய ஜோசப் துருவான் இரண்டும் ஆரம்பிப்பவர்களுக்கு நம்பகமானவை; சொந்தத் தோட்டங்களும் வைத்திருக்கின்றன.

மூன்றாம் படி: புகழ் குறைந்த ஊருக்குப் போங்கள்

வோன்-ரொமானே, ஷாம்போல்-முசின்யி போன்ற ஊர்களில் பெயருக்கே பாதிக் காசு போய்விடும். நான் தேடிப்போவது வேறு ஊர்கள்; தயாரிப்பாளர் பெயரோடு சொல்கிறேன். சாவினியில் சிமோன் பீஸ், பவலோ. பக்கத்து ஷோரே-லே-போனில் தொலோ-போ; அங்கே பிரீமியே க்ரூ தோட்டமே கிடையாது, பெரும்பாலும் சமவெளி நிலம், ஆனால் ஒயின் மிருதுவாக, சீக்கிரமே குடிக்கப் பக்குவமாக இருக்கும். டிஜோன் நகரத்தை ஒட்டிய மார்சனேயில் புருனோ கிளேர், சில்வேன் பத்தாய். தெற்கே கோத் ஷலோனேஸ் பகுதியில், மெர்க்கூரேயில் ஃபேவ்லே, ஜிவ்ரியில் ஜோப்லோ. வொல்னே பிடிக்கும், விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதை ஒட்டிய மொந்தெலியைக் கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: ஆண்டு

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். 2018, 2019, 2020 வெயில் ஆண்டுகள், பழச்சுவை தூக்கலாக இருக்கும். 2021-இல் ஏப்ரல் மாத உறைபனியில் விளைச்சல் அடிபட்டது, ஒயின்கள் மெலிதானவை. 2022-இல் விளைச்சலும் தரமும் சேர்ந்து அமைந்தன. வெயில் ஆண்டுகளில் சேன்-ரொமான் போன்ற மேட்டுக் குளிர் ஊர்களைத் தேடுங்கள். முன்பு பழுக்கத் திணறிய திராட்சை அங்கே இப்போது நன்றாகப் பழுக்கிறது.

ஐந்தாம் படி: இரண்டு பாட்டில், ஒரே மேசை

ஒரே ஊர், ஒரே ஆண்டு, இரண்டு தயாரிப்பாளர்கள். நண்பர்களோடு பங்கு போட்டு வாங்குங்கள். 15 டிகிரி அளவு குளிர்ச்சி போதும். அறை வெக்கையாக இருந்தால் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வயிறு அகன்ற கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். நிறம் வெளிறி இருக்கிறதே என்று சந்தேகப்படாதீர்கள், பர்கண்டி சிவப்பு செய்யும் பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லியது. முதலில் மோந்து பாருங்கள்: செர்ரி, ராஸ்பெர்ரி, சில சமயம் மழை நின்ற தோட்டத்து மண். பாதியைக் கார்க் போட்டு மறுநாளுக்கு வையுங்கள். நல்ல கைப்பக்குவம் மறுநாளும் நிற்கும், சில நேரம் முதல் நாளை விட நன்றாகவே இருக்கும்.

இரண்டில் பிடித்தவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை கடையில் அவருடைய சாதாரண 'பூர்கோன்' சிவப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பல தயாரிப்பாளர்களிடம் அது ஊர் எல்லைக்குச் சற்று வெளியே உள்ள கொடிகளிலிருந்து, அதே கைகளால் செய்யப்படுகிறது.