லாம்பிக் பீரைச் சுவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதற்குத் தென்மேற்கே உள்ள பயோட்டன்லாண்ட் பகுதியிலும் காய்ச்சப்படும் லாம்பிக் பீரை முதன்முறை சுவைப்பவர்களில் ஒரு சாரார் அது கெட்டுவிட்டது என்று கோப்பையை நகர்த்தி வைக்கிறார்கள். மறுசாரார் புளிப்பு மிகுந்தால் தரமும் மிகும் என்று நம்பிக் கடும் புளிப்பைத் தேடி அலைகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே: புளிப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்வது. லாம்பிக்கில் புளிப்பு ஒரு கூறுதான். மணமும் துவர்ப்பும் விழுங்கிய பின் நாவில் தங்கும் வறட்சியும் அதே அளவு முக்கியமானவை.

இது எப்படி உருவாகிறது என்று அறியாமல் சுவைப்பதே முதல் தவறு. தானியக் கலவையில் குறைந்தது 30 விழுக்காடு முளைகட்டாத கோதுமை சேர்கிறது. பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்கள் பல ஆண்டுகள் பழையவையாக இருப்பதால், கசப்பைக் குறைவாகத் தந்து, வேண்டாத பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தும் வேலையை மட்டும் செய்கின்றன. கொதித்த தானியச் சாறு குளிர்கால இரவில் ஆழமற்ற திறந்த தொட்டியில் ஆறும்போது காற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதில் இறங்குகின்றன; யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பின்னர் ஓக் மரப் பீப்பாய்களில், முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்க, பல மாதங்கள் கழித்துப் பீடியோகாக்கஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைத் தர, பிரெட்டனோமைசஸ் என்னும் ஈஸ்ட் ஆண்டுக்கணக்கில் மெல்ல வேலை செய்து, வைக்கோல், பழைய தோல், குதிரை லாயம் ஆகியவற்றை நினைவூட்டும் மணங்களைச் சேர்க்கிறது. ஆகவே அந்த மணத்தை அழுக்கு என்று ஒதுக்குபவர் இந்தப் பீரின் உழைப்பில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடுகிறார்.

பெயர்ச்சீட்டைப் படிக்காமல் வாங்குவது அடுத்த தவறு. கூஸ், கிரீக் (செர்ரிப் பழம் சேர்த்த லாம்பிக்) என்ற பெயர்களில் இனிப்பூட்டப்பட்ட பீர்களும் விற்கப்படுகின்றன. அவற்றைக் குடித்துவிட்டு மரபான லாம்பிக்கை எடைபோட முடியாது. 'பழைய' என்று பொருள்படும் 'அவுட' சேர்ந்த 'அவுட கூஸ்', 'அவுட கிரீக்' என்ற பெயர்களுக்கு 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு. கூஸ் என்பது இளையதும் முதிர்ந்ததுமான லாம்பிக்குகளைக் கலந்து, புட்டியிலேயே மறுபடி நொதிக்க வைத்த பீர். பாதுகாக்கப்பட்ட பெயரைத் தாங்கும் கலவையில் மிக முதிர்ந்த பகுதி மூன்று ஆண்டுகளேனும் மரப்பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். 'அவுட' என்ற சொல் இல்லாததாலேயே ஒன்றைத் தள்ளிவிடவும் கூடாது: பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900 முதல் இயங்கும் கான்டிலோன் என்னும் பீர் ஆலை தன் கூஸை நூறு விழுக்காடு லாம்பிக் என்றே குறிப்பிடுகிறது.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றுவதைத் தவிர்க்க வேண்டும். அந்தக் குளிரில் மணங்கள் அடங்கிப் புளிப்பு மட்டும் கூர்மையாகத் தெரியும். ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ் பொருத்தமானது. படுக்கை வாக்கில் வைத்திருந்த புட்டியை அப்படியே சாய்ந்த கூடையில் வைத்துத் தக்கையைத் திறந்து, மண்டி கலங்காமல் ஒரே சீராக ஊற்றுவது பெல்ஜியத்து வழக்கம். கலக்காத லாம்பிக் நுரையும் குமிழியும் அநேகமாக இல்லாமல் மண்குடுவையில் வரும். அது அதன் இயல்பு.

முதல் மடக்கிலேயே முடிவு கட்டாதீர்கள். நாக்கு அமிலத்துக்குப் பழகச் சற்று நேரம் தேவை. மூன்றாம் மடக்கில்தான் தானியமும் மரமும் தெரியத் தொடங்கும். பலவற்றைச் சுவைப்பதானால் கலக்காத லாம்பிக், பிறகு கூஸ், இறுதியாகப் பழம் சேர்ந்தவை என்ற வரிசை நல்லது. இனிப்பானதை முதலில் குடித்தால் அடுத்து வருவதெல்லாம் காடியாகத் தோன்றும். காரமான உணவு இந்த நுட்பங்களை மறைத்துவிடும். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் ரொட்டியில் மென்மையான வெண்பாலாடைக்கட்டியும் முள்ளங்கியும் வைத்து உண்பது அனுபவத்தில் விளைந்த பொருத்தம்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் கவலை தருவது, மரபின் மேலுள்ள மரியாதையால் குறைகளையும் குணமென்று ஏற்றுக்கொள்வதுதான். தொண்டையைச் சுடும் காடிப் புளிப்பு, பீப்பாய்க்குள் காற்று மிகுதியாகப் புகுந்ததைக் காட்டலாம். நகப்பூச்சு நீக்கியின் நெடி தூக்கலாக வீசுவதும் குறைதான். விழுங்கிச் சில நொடிகள் கழித்து, எச்சில் அமிலத்தைத் தணித்த பிறகு, எலிக்கூண்டை ஒத்த வாடை எழுவது மற்றொன்று. முகர்ந்து பார்த்தால் இது எளிதில் பிடிபடாது, ஆகவே விழுங்கிய பின் காத்திருக்க வேண்டும். நல்ல கூஸ் தயாரிப்பவர்கள் கலவைக்கு முன் பீப்பாய் பீப்பாயாகச் சுவைத்து, இப்படிப்பட்டவற்றை விலக்குகிறார்கள். அவர்கள் ஏற்காததை நாம் பாராட்டுவது அவர்களுடைய கலைக்குச் செய்யும் அநீதி.

எல்லாப் புட்டிகளையும் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைப்பதும் சரியன்று. கூஸ் இருட்டான குளிர்ந்த இடத்தில் பத்தாண்டுகளுக்கு மேலும் அழகாக முதிரும். கிரீக்கிலோ செர்ரிப் பழத்தின் மணம் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிவிடும். பழத்துக்காக வாங்கியதைச் சீக்கிரமே திறந்துவிட வேண்டும்.