சதுரக் குழாயில் ஓர் எடை குறைந்த பெஞ்ச் வைஸ்

பெஞ்ச் வைஸ், அதாவது வேலை மேசையில் பொருத்திப் பொருளை இறுகப் பிடிக்கும் கருவி என்றதும் கனத்த வார்ப்பிரும்புதான் நினைவுக்கு வருகிறது. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைத்தால் முறிந்துவிடும். அதனால்தான் அதைத் தடிமனாக வார்க்கிறார்கள். மென் எஃகுக் குழாய்க்கு அந்தத் தடிமன் வேண்டாம். விசை குவியும் இடத்தில் மட்டும் இரும்பைச் சேர்த்தால் போதும். இங்கே விளக்கும், 100 மி.மீ. அகலத் தாடை (பொருளைக் கவ்வும் பகுதி) கொண்ட வைஸின் எடை சுமார் 5 முதல் 6 கிலோ.

முதலில் கணக்கு. 16 மி.மீ. மரைத் தண்டில், மையத்திலிருந்து 150 மி.மீ. தள்ளி 10 கிலோ விசையோடு கைப்பிடியைத் திருப்பினால், உராய்வு போக ஏறத்தாழ 470 கிலோ பிடிப்பு கிடைக்கும். இந்த விசையில், தாடையின் நடு உயரத்தில் பொருளைப் பிடித்தால், 40×40×3 மி.மீ. குழாயில் எழும் வளைவுத் தகைவு (வளைவதால் உலோகத்தினுள் ஏறும் அழுத்தம்) ஏறத்தாழ 46 மெகாபாஸ்கல்தான். மென் எஃகு 250 வரை தாங்கும். ஆனால் 6 மி.மீ. ஆங்கிளை (L வடிவ இரும்பை) மட்டும் தாடையாக வைத்து அதன் மேல் விளிம்பில் பொருளைப் பிடித்தால், ஆங்கிளின் அடிமூலையில் தகைவு 350ஐத் தொடும். தாடை வளைந்துவிடும். குழாயைத் தடிமனாக்கிப் பயனில்லை. தாடையின் அடிமூலையைத்தான் பலப்படுத்த வேண்டும்.

குழாய்கள்: 50×50×4 மி.மீ. குழாயில் 200 மி.மீ., 40×40×3 மி.மீ. குழாயில் 250 மி.மீ. வெட்டுங்கள். சிறியது பெரியதற்குள் வழுக்கி ஓட வேண்டும். பெரிய குழாயின் உள்ளே நீளவாக்கில் ஓடும் வெல்டிங் தழும்பை அரத்தால் ராவி எடுங்கள். நான்கு பக்கமும் 1 மி.மீ. தகடு செருகி, அதன் முனையைக் குழாயின் வாயில் மடித்துவிட்டால் ஆட்டம் நிற்கும். இதில் அவசரம் வேண்டாம். குழாய் வழுக்கிச் செல்லும் அழகில்தான் வைஸின் தரம் இருக்கிறது.

திருகு: பெரிய குழாயின் பின்வாயை 10 மி.மீ. தகட்டால் மூடி, நடுவில் 17 மி.மீ. துளையிடுங்கள். மரைத் தண்டு ஓடும் நீள நட்டை அந்தத் தகட்டுக்கு வெளிப்புறம் வையுங்கள். இறுக்கும்போது நட்டு தகட்டின் மீது அழுந்தும். வெல்டிங்குக்கு நட்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். உட்புறம் வைத்தால் முழு விசையும் வெல்டிங்கின் மேல் விழும். நட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் முழுவதும் ராவிய பிறகே வெல்டிங் செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் வரவழைக்கும்.

சிறிய குழாயின் முன்வாயிலும் அதே போன்ற தகடு. தண்டு 430 மி.மீ. இருக்கட்டும். முன்தகட்டின் இரு புறமும் வாஷர் வைத்து, உள்ளே இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டுங்கள். பிறகு தண்டின் முன்முனையில் இன்னொரு நீள நட்டை வெல்டிங் செய்து, குறுக்கே துளையிட்டு 12 மி.மீ. கம்பியைக் கைப்பிடியாகச் செருகுங்கள்.

தாடைகள்: 50×50×6 ஆங்கிளில் 100 மி.மீ. நீளத் துண்டுகள் இரண்டு. ஒன்று பெரிய குழாயின் முன்முனை மேல், மற்றது நகரும் தாடையாகச் சிறிய குழாயின் முன்முனை மேல். சிறிய குழாய் தாழ்ந்து நிற்பதால், நகரும் தாடைக்கு அடியில் 5 மி.மீ. தகடு கொடுங்கள். ஆங்கிளின் உள்மூலையில், குழாயின் இரு ஓரங்களுக்கும் நேராக ஒவ்வொரு முக்கோணத் தகடு. முன்பு சொன்ன 350 மெகாபாஸ்கலுக்கு இந்த முக்கோணங்களே மருந்து.

தாடைகளை ஒட்டும்போது இரண்டுக்கும் இடையே, அடிப்பக்கம் மட்டும், ஒரு காகிதத் துண்டை வைத்து இறுக்கி, அங்கங்கே சிறு புள்ளிகளாக மட்டும் வெல்டிங் செய்யுங்கள். சுமை ஏறும்போது மேல்முனை சற்றே விரியும். முதலிலேயே மேல்விளிம்பு முந்தித் தொட்டால் அந்த விரிவு சரியாகிவிடும். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு, எதிரெதிர் பக்கங்களில் மாறி மாறிச் சிறிது சிறிதாக வெல்டிங்கை முடியுங்கள். ஒரே பக்கம் ஓட்டினால் சூட்டில் குழாய் கோணும். பிறகு உள்குழாய் நகராது.

பொருத்துதல்: அடியில் 8 மி.மீ. தகடு, நான்கு 10 மி.மீ. போல்ட். மேசையின் கால் இருக்கும் மூலையில், தாடையின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்துக்கு வரும்படி பொருத்துங்கள். மரைக்கும் முன் வாஷருக்கும் கிரீஸ் இடுங்கள். கைப்பிடியில் குழாய் மாட்டி நீட்டக் கூடாது. தாடைமேல் சுத்தியலால் அடிக்கவும் கூடாது. சம்மட்டி வேலைக்குத் தனியாக ஓர் அடைகல் வைத்துக்கொள்ளுங்கள்.