கேட்லெட் வழியில் லினோ அச்சு: அல்சூர் பூக்காரம்மாவின் முகம்

முதலில் கறுப்பின அமெரிக்கக் கலைஞர் எலிசபெத் கேட்லெட்டின் ‘ஷேர்கிராப்பர்’ அச்சுப்படத்தை (1952) பெரிதாக்கிப் பாருங்கள். பிறர் நிலத்தில் பங்குக்குப் பாடுபடும் கறுப்பினப் பெண். அகன்ற வைக்கோல் தொப்பி, சட்டையை இழுத்துப் பிடிக்க ஓர் ஊக்கு. கன்னத்து வெள்ளைக் கீறல்கள் எலும்பு வளையும் பக்கமே வளைகின்றன. நாம் பழக வேண்டியது அதைத்தான்.

1915-ல் வாஷிங்டனில் பிறந்தவர் கேட்லெட். நன்றாக அறிந்ததையே படைக்கச் சொன்னவர், ஐயோவாவில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஓவியர் கிராண்ட் வுட். 1946-ல் மெக்சிகோ போனார். அங்கே மக்களுக்காக அச்சிட்ட கலைப்பட்டறையில் சேர்ந்தார். 1958 முதல் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தார். லினோ, அதாவது உளியால் எளிதில் செதுக்கக்கூடிய லினோலியத் தகடு, மலிவு, ஒரே தகட்டில் பல பிரதி எடுக்கலாம். எளியவர் வீட்டுச் சுவருக்கும் படம் போய்ச் சேரும்.

நமக்குத் தெரிந்த முகமாக, பெங்களூரு அல்சூர் சந்தையில் பூக்கட்டும் அம்மாவை எடுத்துக்கொள்வோம். அவரிடம் கேட்டுவிட்டு வரையுங்கள்.

3 மி.மீ. லினோவில் 15×20 செ.மீ. துண்டு போதும். படத்தை டிரேசிங் தாளில் எடுத்து, கவிழ்த்துப் பதியுங்கள். தமிழ் எழுத்து இருந்தால் இது கட்டாயம். மறந்தால் ‘பூ’ இடவலம் மாறி அச்சாகும். பெங்களூரு டிசம்பர் காலையில் லினோ விறைத்துக்கொள்ளும், உளி வழுக்கும். பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள்.

செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. முகத்தை முழுக்கக் கறுப்பாக நினைத்துக்கொண்டு, ஒளி விழும் இடத்தை மட்டும் வி-உளியால் (V வடிவ முனை) கீறுங்கள். நெற்றிக்கு வளைகோடு, கழுத்துக்கு நெடுங்கோடு, மல்லிகைச் சரத்துக்குச் சிறு கொத்துகள். எல்லாக் கோடும் ஒரே பக்கம் போனால் முகம் தட்டையாகிவிடும். பின்னணியை யு-உளியால் (U வடிவ முனை) எடுங்கள். உளியின் பாதையில் இடக்கை ஒருபோதும் வரக்கூடாது. தகட்டைத் திருப்புங்கள், கையைத் திருப்பாதீர்கள்.

கண்ணாடிமேல் ஒரு டீஸ்பூன் மை. ரோலர் ‘சர்ர்’ என மெல்லிய ஓசை எழுப்பும்வரை உருட்டி, தகட்டின்மேல் மெல்லிசாக மூன்று நான்கு தடவை பூசுங்கள். ஒரேயடியாக அப்பினால் மெல்லிய கீறல்கள் அடைபட்டுவிடும். சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள தாளை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். தடித்த தாளுக்குக் கையழுத்தம் போதாது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தை மீண்டும் தேயுங்கள். முதல் இரண்டு பிரதிகள் பெரும்பாலும் மங்கலாகவே வரும். தகட்டில் மை ஊறியதும் தெளிந்துவிடும்.

நன்றாக வந்த பிரதிகளில் ஒன்று பூக்காரம்மாவுக்கு.