பவளத்தீவில் கடற்படைத் தளம் அமைப்பது எப்படி: நிலத்தை விடுங்கள், காயலைப் பாருங்கள்

இது 1944, நீங்கள் அமெரிக்கக் கடற்படையில் தளம் அமைக்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை பிலிப்பைன்ஸ் பக்கம் நகர்கிறது, ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் தளமோ 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அடிபட்ட கப்பலை ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் இழுத்துப் போக முடியாது. பக்கத்திலேயே ஒரு தளம் வேண்டும்.

வரைபடத்தில் தெரியும் தீவுத்துணுக்குகளைப் பார்த்து, இதில் எதைக் கட்டுவது என்று மலைக்காதீர்கள். தளம் என்பது அந்தத் துணுக்குகளின் வளையத்துக்கு நடுவில் இருக்கும் காயல்தான். மேற்கு பசிபிக்கிலுள்ள உலித்தி என்ற பவளத்தீவைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். அதன் காயல் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளம், 16 கிலோமீட்டர் அகலம், 80 முதல் 100 அடி ஆழம். பெரிய கப்பல் தரை தட்டாது, நங்கூரச் சங்கிலியும் எட்டும். 700 கப்பல்கள் வரை நிற்கலாம் என்று கணக்கிட்டார்கள். இன்னொரு வசதி, ஜப்பானியர் ஏற்கெனவே அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். செப்டம்பர் 23 அன்று 81-ஆம் காலாட்படைப் பிரிவினர் எதிர்ப்பே இல்லாமல் கரையிறங்கினார்கள். அதே மாதம் பலாவுத் தீவுக்கூட்டத்தின் பெலெலியுவில் குகை குகையாகச் சண்டை போட வேண்டியிருந்ததை நினைத்தால், இந்தத் தேர்வின் அருமை புரியும்.

கப்பல்களை உடனே உள்ளே விட்டுவிடாதீர்கள். முதலில் நுழைவாயில்களில் கண்ணிவெடிகளை அகற்றுங்கள், அப்புறம் ஆழம் பாருங்கள். பவளத்திட்டுகள் காயலுக்குள் தூண் மாதிரி திடீரென்று எழும்பி நிற்கும், பழைய வரைபடத்தை நம்பினால் அடிப்பகுதி கிழியும். உலித்தியில் 'சம்னர்' என்ற அளவைக் கப்பல் இந்த வேலையைச் செய்தது. ஆபத்தான இடங்களில் மிதவை கட்டுங்கள், நிற்கும் இடங்களுக்கு எண் கொடுங்கள்.

இருக்கிற கொஞ்ச நிலத்தைத் தீவுக்கு ஒரு வேலை என்று பிரித்துவிடுங்கள். உலித்தியில் ஃபலலாப் விமானத்துக்கு, அசோர் துறைமுக அலுவலகத்துக்கு, சோர்லென் படகுப் பழுதுக்கு, மொக்மொக் மாலுமிகள் ஓய்வெடுக்க. ஃபலலாப்பின் ஓடுதளம் 3,500 அடிதான், தீவின் ஒரு கரையில் தொடங்கி மறு கரையில் முடிந்துவிட்டது! ஓடுதளத்துக்கு ஜல்லியும் சிமென்ட்டும் கப்பலில் ஏற்றி வர வேண்டாம். காயலின் பவளத்தைத் தோண்டியெடுத்து, நொறுக்கிப் பரப்பி, கடல்நீர் தெளித்துக்கொண்டே உருளையை ஓட்டினால் அது சிமென்ட் மாதிரி இறுகிவிடும். காய விடாதீர்கள், காய்ந்தால் தூளாகப் பறக்கும். சீபீஸ் என்ற கட்டுமானப் படையினர் பசிபிக் முழுக்க இதை வைத்துத்தான் சாதித்தார்கள்.

குடிநீருக்குக் கிணற்றை நம்ப வேண்டாம். பவளத்தீவின் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய வில்லை போல மிதக்கிறது, நீர்மட்டம் கடலைவிட ஓர் அடி உயர்ந்தால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும், ஓர் அடி இறங்கினால் அந்த 40 அடியும் போய்விடும். பல ஆயிரம் பேருக்கு இறைத்தால் உப்புதான் வரும். அதனால் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரங்களையும் தண்ணீர்க் கப்பல்களையும் முதல் தவணையிலேயே வரவழையுங்கள்.

மற்ற எல்லாவற்றையும் மிதக்க விடுங்கள். எண்ணெய்க் கப்பல், பழுதுபார்க்கும் கப்பல், வெடிமருந்துக் கப்பல், மருத்துவமனைக் கப்பல், காங்கிரீட்டால் செய்த சரக்குத் தெப்பங்கள், சேதமான கப்பலைத் தண்ணீருக்கு மேல் தூக்கும் மிதக்கும் உலர்துறை. கமோடோர் வொரல் ரீட் கார்ட்டரின் பத்தாவது சேவைப் பிரிவு இப்படித்தான் ஒரு துறைமுகத்தையே கடலில் நடத்தியது. போர்முனை நகர்ந்தால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகலாம், கரையில் கட்டியதைத் தூக்க முடியுமா? சிறு படகுகள் மட்டும் எப்போதும் போதாது. ஆளும் தபாலும் உணவும் அவற்றில்தான் போக வேண்டும், காற்று கிளம்பினால் அவையும் ஓடாது. எவ்வளவு வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதைவிட அதிகம் கேளுங்கள்.

காவலில் அசட்டை கூடாது. 1944 நவம்பர் 20 காலை, ஆள் ஓட்டும் ஜப்பானிய டார்பிடோவான கைட்டன் ஒன்று காயலுக்குள் நுழைந்து 'மிஸிஸினெவா' எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது, 63 பேர் இறந்தார்கள். அதிலிருந்த எண்ணெய் 2001-ல் கசிந்து, 2003-ல்தான் அமெரிக்கக் கடற்படை வந்து உறிஞ்சி எடுத்தது. வாயில்களில் வலையும் ரோந்தும் தயாரான பிறகே எண்ணெய்க் கப்பல்களை உள்ளே விடுங்கள்.

அங்கே ஏற்கெனவே வாழ்பவர்களோடு முதல் நாளே பேசுங்கள், இது என் கணக்கில் காயலின் ஆழம் பார்ப்பதற்குச் சமமான வேலை. உலித்தியில் மொக்மொக் மக்களை ஃபசராய் தீவுக்குக் குடிபெயர்த்தார்கள். அவர்களுடைய கிழங்குக் குழிகள் எங்கே, எந்தத் தென்னந்தோப்பை விட்டுவைக்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அதன் பிறகு புல்டோசரை இறக்குங்கள். மண்ணையும் குடியிருக்கும் தீவிலிருந்து தோண்டாதீர்கள். துவாலு நாட்டின் ஃபுனாஃபூட்டியில் போர்க்கால ஓடுதளத்துக்காக அப்படித் தோண்டிய பள்ளங்களில் உப்புநீரும் குப்பையும் தேங்கி நிற்க, அவற்றின் ஓரத்திலேயே மக்கள் பல பத்தாண்டுகள் குடியிருந்தார்கள். 2015-ல்தான் நியூசிலாந்தின் உதவியோடு அந்தப் பள்ளங்களை மூடினார்கள்.