வான்கோழி முட்டை பொரிக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்: ஒரு வேலூர்க்காரரின் கணக்கு

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். முதல் முறை நான் வான்கோழி முட்டைகளை அடை வைத்தபோது குஞ்சு இல்லாத பெட்டியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தெர்மாகோல் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், 18 முட்டை. 22ஆம் நாள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, இருபத்தோரு நாள் தாண்டிடுச்சு, ஒரு சத்தமும் காணோம். எல்லாம் கூமுட்டைதான்" என்றார். நானும் நம்பி ஒன்றை உடைத்தேன். உள்ளே குஞ்சு அசைந்துகொண்டிருந்தது.

கோழிக்கு 21 நாள், வான்கோழிக்கு 28 நாள். படிக்கும்போது தெரிந்த கணக்குதான். ஆனால் வீட்டில் காலங்காலமாக எண்ணிப் பழகியது கோழிக் கணக்கு. வான்கோழி முட்டையைக் கொஞ்சம் பெரிய கோழி முட்டை என்று நினைத்ததில்தான் என் தவறுகள் பெரும்பாலானவை தொடங்கின.

முட்டை எடுக்கும் நேரத்தையே பாருங்கள். கோழி பெரும்பாலும் காலையில் முட்டையிடும். வான்கோழி முட்டைகளில் சுமார் 70 சதவீதம் பிற்பகலில்தான் வரும். காலையில் ஒரு சுற்று போய்ப் பொறுக்கிவிட்டு வந்தால், மதியம் இட்ட முட்டை மறுநாள் காலைவரை அங்கேயே கிடக்கும். அதுவும் சித்திரை, வைகாசியில், தகரக் கூரை போட்ட கொட்டகையில்! ஏறக்குறைய 20 டிகிரிக்கு மேல் போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். அரைகுறையாக வளர்வதும் நிற்பதுமாக நாலு நாள் கிடந்த முட்டையை அப்புறம் பெட்டியில் வைத்தால், முதல் வாரத்திலேயே கரு செத்துவிடும். பழியைப் பெட்டி மேல் போடுவோம். மதியம் ஒரு முறையும் மாலை ஒரு முறையும் போய் முட்டையை எடுத்துவிடுவது நல்லது.

எடுத்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிர் கருவுக்கு ஆகாது. சேமிக்க 13 முதல் 18 டிகிரி வேண்டும். நம் ஊர் வீட்டில் அதற்கு எங்கே போவது? ஒரு அகலமான மண் தொட்டியில் ஈர மணலைப் பரப்பி, அதன் மேல் இன்னொரு சின்ன மண் சட்டியை வைத்து, முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி அதில் அடுக்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வைக்கிறேன். 13 டிகிரி வராதுதான், ஆனாலும் வெளியே கிடப்பதைவிடப் பல மடங்கு மேல். 7 நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம், கோடையில் 4 நாளே அதிகம். எச்சம் ஒட்டியிருக்கிறதே என்று பச்சைத் தண்ணீரில் கழுவுவது இன்னொரு தவறு. ஓட்டின் மேல் இருக்கும் இயற்கையான பூச்சு போய்விடும். குளிர்ந்ததும் உள்ளே இருப்பது சுருங்கி, வெளியில் உள்ள கிருமியை ஓட்டுத் துளைகள் வழியே உறிஞ்சிக்கொள்ளும். ரொம்ப அழுக்கான முட்டையை வைக்காமல் விடுவதே லாபம்.

இனி பெட்டி. ஃபேன் இருக்கும் பெட்டிக்கு 37.5 டிகிரி. ஃபேன் இல்லாத, பல்பு மட்டும் எரியும் பெட்டியில் சூடு மேலே தங்கி அடியில் குறைந்துவிடும். அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.8 வரை வைக்க வேண்டும். இதில் பலரும் சறுக்குகிறார்கள். ஒருவர் சொன்ன எண்ணை, பெட்டி எப்படிப்பட்டது என்று கேட்காமலே அப்படியே வைத்துவிடுகிறார்கள்.

பல்பை ஏற்றி அணைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் தெரியும் எண்ணை நம்புவது அதைவிடப் பெரிய தவறு. மலிவாகக் கிடைக்கும் சென்சார்கள் ஒரு டிகிரி கூட்டியோ குறைத்தோ காட்டுவது சாதாரணம். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கும் அல்லவா? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அதையும், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய சென்சாரையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். என் கன்ட்ரோலர் 0.9 டிகிரி குறைத்துக் காட்டியது. அதாவது நான் 37.5 என்று நிம்மதியாக இருந்தபோது முட்டைகள் 38.4இல் வெந்துகொண்டிருந்தன.

வேலூர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தப் பெட்டிக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை 39, 40 டிகிரிக்குப் போனால், பல்பு அணைந்த பிறகும் உள்ளே சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். கருவுக்குச் சூடு குறைவதைவிடக் கூடுவதுதான் ஆபத்து. கரன்ட் போய் ஓரிரு மணி நேரம் ஆறினால் பெரும்பாலும் தாங்கிவிடும், பெட்டியைத் திறக்காமல் மேலே ஒரு போர்வையைப் போர்த்தினால் போதும். அதுவே 40ஐத் தாண்டி ஒரு மதியம் முழுக்க இருந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். கீழ்த்தளத்தில், வெளிச்சுவர் இல்லாத நடு அறையில் பெட்டியை வையுங்கள். முடிந்தால் மே மாதம் வைக்கவே வேண்டாம். நான் வைப்பதில்லை.

ஈரப்பதம் முதல் 25 நாளுக்கு 50 முதல் 60 சதவீதம், கடைசி 3 நாளுக்கு 70ஐ ஒட்டி. தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு ஆழம் என்பது கணக்கே இல்லை, எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு. ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும், சின்னக் கிண்ணம் போதும். பங்குனியில் அதே கிண்ணம் போதாது. மீட்டரை நம்ப முடியாவிட்டால் தராசை நம்புங்கள். 85 கிராம் முட்டை 25ஆம் நாள் ஏறக்குறைய 75 கிராமுக்கு வர வேண்டும். குறையவே இல்லை என்றால் காற்றறை சின்னதாகி, குஞ்சு மூச்சு முட்டிச் சாகும்.

திருப்புவதை ஒற்றைப்படையில் செய்யுங்கள். நாளைக்கு 3 அல்லது 5 முறை என்றால், நீண்ட இரவில் முட்டை தினமும் ஒரே பக்கமாகக் கிடக்காது. பென்சிலால் ஒரு பக்கம் 'அ', மறுபக்கம் 'ஆ' என்று எழுதிவிட்டால் குழப்பம் வராது. தானே திருப்பும் தட்டு வாங்குவதாக இருந்தால் அளவு பாருங்கள். கோழி முட்டைக் குழியில் வான்கோழி முட்டை உட்காராது.

8, 10 நாள் கழித்து, உள்ளே கரு வளர்கிறதா என்று இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டில் பழுப்புப் புள்ளிகள் இருப்பதால் கோழி முட்டை அளவுக்குத் தெளிவாகத் தெரியாது. சந்தேகமாக இருந்தால் தூக்கிப் போடாமல் 14ஆம் நாள் மறுபடி பாருங்கள். எல்லாமே வெறுமையாகத் தெரிந்தால் சேவலைக் கவனிக்க வேண்டும். 5 பெட்டைக்கு ஒரு சேவல், கனத்த ரகமாக இருந்தால் 3 பெட்டைக்கு ஒன்று.

இடம் மிச்சம் இருக்கிறதே என்று கோழி முட்டையையும் சேர்த்து வைப்பவர்கள், வான்கோழி முட்டை வைத்து 7 நாள் கழித்து வைத்தால் இரண்டும் ஒன்றாகப் பொரியும். ஆனால் பொரித்தபின் ஒன்றாக வளர்க்கக் கூடாது. கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத கருந்தலை நோய், வான்கோழியைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுவிடும்.

25ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, மூடி வைத்துவிட வேண்டும். இங்கேதான் கை சும்மா இருக்காது. ஓட்டில் முதல் விரிசல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு முழு நாள்கூட ஆகலாம். அந்த நேரத்தில் ரத்தக் குழாய்கள் வற்றுகின்றன, மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. பாவம், கஷ்டப்படுகிறதே என்று ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும். பார்க்கத் திறந்தாலே ஈரம் ஓடிப்போய், சவ்வு காய்ந்து மற்ற குஞ்சுகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் முறை நான் பெட்டியின் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த முறை 14இல் 9 வந்தன. அதிலும் ஒன்றை மூன்றாம் நாள் பட்டினியில் இழந்தேன், தட்டு நிறையத் தீவனம் இருந்தும். வான்கோழிக் குஞ்சுக்குப் பார்வை மந்தம், தானாகத் தின்னத் தெரியாது. சொல்லிக்கொடுக்க இரண்டு கோழிக்குஞ்சை உள்ளே விடுவார்கள். நோய் பயத்தால் நான் விடுவதில்லை. தீவனத்தில் நாலைந்து கலர் கோலிக்குண்டு போட்டு வைக்கிறேன், பளபளப்பைக் கொத்தப் போய் தீவனத்தைத் தின்னும். அம்மா அதற்கும் காத்திருப்பதில்லை. செய்தித்தாளில் அவித்த முட்டையை உதிர்த்துப் போட்டு, நகத்தால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.