உறவினரைச் சிறுவிமானத்தில் ஏற்றிச் செல்லும் முன்: புதிய விமானிக்குச் சில குறிப்புகள்

தனியார் விமானி உரிமம் கைக்கு வந்த வாரத்திலேயே வீட்டில் எழும் கேள்வி, "எங்களை எப்போது கூட்டிக்கொண்டு போகப் போகிறாய்?" என்பதுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. சட்டப்படி விமானத்தின் தலைவர் நீங்கள். வீட்டிலோ நீங்கள் கடைக்குட்டி. பெரியப்பாவை "இப்போது பேசாதீர்கள்" என்று தடுப்பதும், அத்தையிடம் எடையைக் கேட்பதும் பயிற்சிப் பள்ளியில் எவரும் கற்றுத்தராத பாடங்கள். ஆகவே புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, வீட்டுக் கூடத்தில், எல்லோரும் அமைதியாக இருக்கும் வேளையில் இவற்றைப் பேசி முடித்துவிடுவது நல்லது.

எடையிலிருந்து தொடங்குங்கள். நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பெரியவர்களும் நிறைந்த எரிபொருளும் சேர்ந்து ஏறலாம் என்று குடும்பத்தார் நினைப்பது இயல்பு. செஸ்னா 172எஸ் புறப்படும்போது இருக்கத்தக்க உச்ச எடை 1,157 கிலோ. வெற்று எடை ஏறத்தாழ 770 கிலோ என்று வைத்துக்கொண்டால் (உங்கள் விமானத்தின் சரியான எண் அதன் எடை ஆவணத்தில் இருக்கும்) மீதம் 387 கிலோ. பயன்படுத்தத்தக்க எரிபொருள் முழுவதையும், அதாவது சுமார் 200 லிட்டரை நிரப்பினால், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 கிலோ அதிலேயே போய்விடும். ஆட்களுக்கு எஞ்சுவது 243 கிலோ. நீங்கள் 75, அப்பா 82, அத்தை 70, அம்மா 64 என்றால் கூட்டுத்தொகை 291. அது 243-ஐத் தாண்டிவிடுவதால் எரிபொருளைத்தான் குறைக்க வேண்டும். பைகளுக்கு 6 கிலோ ஒதுக்கினால் எரிபொருளுக்கு 90 கிலோ, அதாவது 125 லிட்டர். மணிக்கு 35 லிட்டர் செலவாகும் என்று கொண்டாலும் ஒரு மணி நேர உலாவுக்கு அது தாராளம். மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. கனமானவர்கள் இருவரும் பின்னிருக்கையில் அமர்ந்தால் ஈர்ப்பு மையம் பின்னால் நகரும் என்பதால் அதையும் விமானக் கையேட்டின் எடைச் சமநிலை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

அத்தையிடம் எண்ணை வாய்விட்டுக் கேட்காதீர்கள். வீட்டு எடைக்கருவியைத் தனியறையில் வைத்து, அன்று கொண்டுவரப் போகும் கைப்பையோடு ஏறி நின்று, எண்ணைச் சீட்டில் எழுதி மடித்துத் தரச் சொல்லுங்கள். எங்கள் அத்தையின் கைப்பை முறுக்கு டப்பாவும் தண்ணீர்ப் போத்தலும் சேர்ந்து நாலரைக் கிலோ இருந்தது.

அடுத்தது வெப்பம். சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், சிங்கப்பூரின் 32 பாகை வெயிலில், கடல் மட்டத்தில் இருக்கும் ஓடுபாதையில்கூட விமானம் ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் இருப்பதைப்போலத்தான் நடந்துகொள்ளும். இதுவரை பயிற்றுநரும் நீங்களுமாக இருவர் மட்டுமே பறந்திருப்பீர்கள். நால்வரோடு அதே விமானம் மெதுவாக ஏறும், தரையிறங்கும்போதும் கை உணர்வு மாறும். பயணிகளை ஏற்ற முந்தைய 90 நாள்களில் மூன்று புறப்பாடும் மூன்று தரையிறக்கமும் வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. என்னைக் கேட்டால், அதே வாரத்தில், பயிற்றுநரை அருகில் வைத்து, பின்னிருக்கையிலும் ஆட்களோடு ஒருமுறை சுற்றி வராமல் குடும்பத்தை ஏற்றக் கூடாது.

எங்கிருந்து பறப்பது என்பதையும் யோசியுங்கள். கிழக்கு மேற்காக நம் தீவு சுமார் 50 கிலோமீட்டர். செஸ்னா அதைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடும். சிலேத்தார் விமான நிலையத்துக்கு அருகிலேயே ஆகாயப் படைத் தளங்களும் நாட்டின் எல்லையும் இருப்பதால் நினைத்த பக்கம் திரும்ப இயலாது. ஜோகூருக்குப் போய் மலேசியப் பதிவு பெற்ற விமானத்தை ஓட்டுவதானால் நம் உரிமத்துக்கு அந்நாட்டின் ஏற்பு வேண்டும். வார இறுதியில் கடற்பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்ற களைப்போடு விமானத்தில் ஏறாதீர்கள். முந்தைய இரவே போய்த் தங்கிவிடுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்ற இந்த உரிமம் இடம் தராது என்பதால், மாமா அன்போடு நீட்டும் உறையையும் மறுத்துவிடுங்கள். தனிநபர் காப்புறுதிகள் பலவற்றில் சிறுவிமானப் பயணம் விலக்கப்பட்டிருக்கும். ஏறுபவர்கள் தங்கள் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

பிற்பகல் இடிமழைக்கும் வெப்பக் காற்றின் குலுக்கலுக்கும் முந்திய காலை நேரமே ஏற்றது. ஆனால் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று விடியலிலும் வீசக்கூடும் என்பதால் மழை ரேடாரைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். "வானிலை சரியில்லை என்றால் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், அன்று வேண்டாம் என்று சொல்வது எளிது.

ஆடையையும் சொல்லுங்கள். சேலையோடு கால்படியில் ஏறுவது கடினம். நழுவும் செருப்பு மிதிகளுக்கு அடியில் சிக்கும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் அதன் பின்விளிம்பில் உயரமானவர்கள் நெற்றியை இடித்துக்கொள்வார்கள். முன்னிருக்கையில் அமர்பவர் உட்கார்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் உலுக்கி, தண்டவாளத்தில் கொக்கி விழுந்த 'டக்' சத்தத்தை நீங்கள் காதால் கேளுங்கள். புறப்படும் வேகத்தில் இருக்கை பின்னால் நழுவினால் பதற்றத்தில் கை முதலில் பிடிப்பது கட்டுப்பாட்டுக் கைப்பிடியைத்தான். அதனால் அந்த இருக்கை ஆசைப்படுபவருக்கு அல்ல, பதறாதவருக்கு உரியது. எங்கள் வீட்டில் அது அம்மா.

சத்தங்களை முன்பே விளக்கிவிடுங்கள். என் முதல் பயணத்தில் இறங்குவதற்காக விசையைக் குறைத்ததும், என்ஜின் நின்றுவிட்டது என்று எண்ணி அம்மா என் முழங்கையைப் பற்றிக்கொண்டார். சக்கரம் தரையைத் தொடும் தறுவாயில் வேகக்குறைவு எச்சரிக்கை ஊளையிட்டபோது பின்னிருக்கையில் முருகன் பெயர் கேட்டது. இரண்டையும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது, "சத்தம் குறையும், பிறகு ஊளை கேட்கும், இரண்டும் நல்ல அறிகுறி" என்று தரையிலேயே சொல்லிவிடுகிறேன். புறப்படும்போதும் இறங்கும்போதும் பேச்சு கூடாது. வேறு விமானம் கண்ணில் பட்டால் மட்டும் கையை நீட்டிக் காட்டலாம். இந்த வேலையைக் கொடுத்தால் பெரியப்பா பெருமையோடு வாயை மூடிக்கொள்வார்.

குமட்டல் வந்தால் கைப்பேசியை விட்டுத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காகிதப் பையும் இஞ்சி மரப்பாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். திருப்பங்களை மென்மையாக வைத்து, அரை மணி நேரத்தில் இறங்கிவிடுங்கள்.

இறங்கிய பின் உந்துசுழலி முழுவதும் நிற்கும் வரை எவரும் கதவைத் திறக்கக் கூடாது. அதன்பின் எல்லோரும் படம் எடுக்க முன்னால் ஓடுவார்கள். சுழலியைப் பிடித்தபடி நிற்கத்தான் ஆசைப்படுவார்கள். என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவில் பழுதிருந்தால், சாவியை எடுத்த பிறகும் ஒரு சிறு அசைவில் அது சுழன்று அடிக்கக்கூடும். இறக்கைக்குக் கீழே நிழலும் உண்டு, படமும் நன்றாக விழும், அங்கே நிறுத்துங்கள்.